அக்கார்டியன் சொல்லித் தருகிறீர்களா? முதலில் துருத்தி

நான் மேடைக் கலைஞன் இல்லை, ஆசைக்கு வாசிப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரிருவருக்குச் சொல்லித் தருகிறேன். ஆரம்பத்தில் நான் செய்த தப்பு, முதல் நாளே வலது கைக்கு ஸ்வரம் கொடுத்தது. விரல் ஓடும், துருத்தி (நடுவில் விரிந்து மூடும் காற்றுப் பை) நின்றுபோகும், பாட்டு பாதியில் மூச்சுத் திணறும்.

இப்போதெல்லாம் முதல் வாரம் முழுக்க ஒரே ஒரு கட்டைதான். அதை அழுத்தியபடி நான்கு எண்ணும்வரை விரிக்கணும், நான்கு எண்ணும்வரை மூடணும். சத்தம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. அடிப்பக்கம் அதிகம் திறக்காமல் மேல்பக்கம் விசிறி மாதிரி விரியட்டும். கட்டையையோ காற்றுப் பொத்தானையோ அழுத்தாமல் துருத்தியை இழுக்க விடாதீர்கள், கெட்டுவிடும்.

இடது கைப் பொத்தான்களை எட்டிப் பார்க்கும் பழக்கத்தை அன்றே நிறுத்துங்கள். குழி விழுந்த பொத்தான் 'சி' ஸ்வரம். விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். (120 பேஸ் பெட்டியில், அதாவது இடது கைக்கு 120 பொத்தான் உள்ளதில், வேறு ஓரிரு பொத்தான்களிலும் அடையாளம் இருக்கும்.) அதற்கு மேலே 'ஜி', கீழே 'எஃப்'. இந்த மூன்றும் அவற்றின் மேஜர் கார்டுகளும் (சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பவை) வந்தாலே எளிய வால்ட்ஸ் (மூன்று தட்டு நடன இசை) ஒன்றுக்குத் தாளம் போட்டுவிடலாம்: முதல் தட்டுக்கு ஒரு பேஸ் (தனித் தாழ் ஸ்வரம்), அடுத்த இரண்டுக்கும் கார்டு.

சின்னப் பிள்ளைக்கு 120 பேஸ் வேண்டாம், சுமார் பத்து கிலோ கனக்கும். 48 பேஸ் தாராளம்.