சங்கத்தோடு சிக்கலா? முதலில் பைலாவைக் கையில் எடுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, ஸ்ரீரங்கம் என்று டெல்டாவில் எந்தப் பக்கம் போனாலும் இப்போது ஒரு அடுக்ககம் கண்ணில் படுகிறது. இல்லையென்றால் நஞ்சையை மனை போட்டு விற்ற ஒரு புது நகர். அங்கே வீடு வாங்கியவர்களில் பெரும்பாலானவர்கள் அதுவரை தனி வீட்டில் இருந்தவர்கள். சங்கம், மெயின்டெனன்ஸ், பொதுக்குழு எல்லாமே அவர்களுக்குப் புதிது. செயலாளர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சிலர் பேசாமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ‘என் வீடு, என்னை யார் கேட்பது’ என்று சிலர் முதல் நாளே மல்லுக்கு நிற்கிறார்கள். இரண்டு வழியிலும் நஷ்டம்தான். சங்கப் பொறுப்பில் இருந்து பார்த்த அளவில் சொல்கிறேன்: வருடக்கணக்கில் இழுத்த தகராறுகள் பலவற்றில் இரண்டு தரப்புமே சங்கத்தின் விதிமுறைப் புத்தகமான பைலாவைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: உங்கள் சங்கம் எந்த வகை என்று பாருங்கள்

அடுக்ககச் சங்கம் வேறு, நகர் நலச் சங்கம் வேறு.

அடுக்ககத்தில் மாடிப்படி, சம்ப், மோட்டார், மொட்டை மாடி, செப்டிக் டேங்க் எல்லாம் எல்லாருக்கும் பொது. உங்கள் கிரயப் பத்திரத்திலேயே நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு இவ்வளவு என்று எழுதியிருக்கும். அந்தப் பங்கு இருக்கும்வரை பராமரிப்புச் செலவில் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. ‘நான் சங்கத்தில் சேரவில்லை, அதனால் கட்ட மாட்டேன்’ என்ற வாதம் இங்கே நிற்காது. இதற்கென்று 1994-ல் வந்த அடுக்கக உரிமைச் சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு அடுக்கக உரிமைச் சட்டம், 2022 வந்திருக்கிறது. அது 2024-ல் நடைமுறைக்கு வந்தது.

நகர் சங்கத்தில் நிலைமை வேறு. தெருவும் பூங்காவும் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். சங்கத்துக்கு அவை சொந்தமில்லை. சந்தா கட்டச் சொல்லிக் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. கேட்டைப் பூட்டி ‘சந்தா கட்டாதவர் கார் உள்ளே வரக் கூடாது’ என்று சொல்லவும் முடியாது. அது பொதுத் தெரு.

படி 2: காகிதங்களைச் சேருங்கள்

பெரும்பாலான சங்கங்கள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவானவை. குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். பதிவு நடப்பது மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். ஒன்றைக் கவனியுங்கள்: பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல. கும்பகோணம் வருவாய்க் கணக்கில் தஞ்சாவூர் மாவட்டம், ஆனால் பதிவுத் துறையில் அதற்குத் தனி மாவட்டப் பதிவாளர் உண்டு. உங்கள் சங்கத்தின் பதிவு எண்ணைப் பார்த்துவிட்டு அப்புறம் பஸ் ஏறுங்கள்.

செயலாளரிடம் பைலா நகல் கேளுங்கள். ‘பீரோவில் இருக்கிறது, தேடித் தருகிறேன்’ என்று மாதக்கணக்கில் இழுத்தால், பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கட்டணம் கட்டி நகல் வாங்கிக்கொள்ளலாம். இதோடு கிரயப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், அனுமதி பெற்ற வரைபடம், கடைசி இரண்டு வருடக் கணக்கு, தீர்மானப் புத்தகத்தின் நகல் ஆகியவையும் வேண்டும். பார்க்கிங் சண்டை வந்தால் வரைபடத்தைத்தான் முதலில் விரிக்க வேண்டும். அதில் இல்லாத இடத்தை பில்டர் ‘கார் பார்க்கிங்’ என்று விற்றிருந்தால், வாங்கியவரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு பயனில்லை. பதில் சொல்ல வேண்டியவர் பில்டர்.

படி 3: அந்த விதி எங்கிருந்து வந்தது?

வாட்ஸ்அப் குரூப்பில் செயலாளர் போட்ட செய்தி விதி ஆகாது. நிர்வாகக் குழு தீர்மானம் அன்றாட வேலைகளுக்குப் போதும்: வாட்ச்மேன் சம்பளம், டேங்க் கழுவுவது, மோட்டார் காயில் கட்டுவது. பைலாவையே திருத்துவதென்றால் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்துப் பொதுக்குழு கூட்டி, வந்திருக்கும் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் ஆதரிக்க வேண்டும். 16 பேர் வந்தால் 12 ஓட்டு. நிர்வாகக் குழுவின் பதவிக் காலமும் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. தேர்தலே நடத்தாமல் ஒரே ஆள் பத்து வருடமாகச் செயலாளராக இருக்கிறார் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது சரியில்லை.

நாய் வளர்க்கக் கூடாது என்று மொத்தமாகத் தடை போடும் சங்கங்கள் உண்டு. எல்லாரும் ஒத்துக்கொண்டாலும் அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அசுத்தம் செய்தால் சுத்தம் செய்யச் சொல்லலாம், வெளியே கூட்டிப் போகும்போது சங்கிலி கட்டச் சொல்லலாம். அசைவம் சமைப்பவருக்கு வாடகைக்கு விடாதே என்ற பேச்சும் நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறது. ஒருவர் தன் வீட்டுக்குள் என்ன சமைத்துச் சாப்பிடுகிறார் என்பதில் சங்கம் தலையிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். குப்பையைக் கட்டி வைக்காமல் மாடிப்படியில் வைத்தால் கேளுங்கள். அது சைவக் குப்பையானாலும் கேளுங்கள்.

படி 4: பேசுங்கள், அப்புறம் எழுதுங்கள்

முதலில் நேரில் போங்கள். ‘சார், ஒரு சந்தேகம், பைலாவில் இது எங்கே இருக்கிறது?’ என்று கேட்டாலே பாதி விஷயம் அடங்கிவிடும். குரூப்பில் மட்டும் கேட்காதீர்கள். நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

பதில் வரவில்லையா, கடிதம் எழுதுங்கள். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடிதம் இப்படி இருக்கலாம்:

“செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் பி-2 வீட்டின் உரிமையாளர். வாடகை வீடுகளுக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். இது பைலாவின் எந்த விதிப்படி, எந்தத் தேதியில் நடந்த பொதுக்குழுவின் எத்தனையாவது தீர்மானம் என்று தெரிவிக்கவும், தீர்மான நகல் தரவும் கேட்டுக்கொள்கிறேன். வழக்கமான மெயின்டெனன்ஸ் தொகையை இன்று வங்கியில் செலுத்திவிட்டேன். அதற்கு ரசீது தரவும். 15 நாளில் பதில் எதிர்பார்க்கிறேன்.”

இதில் கோபம் இல்லை, பழைய கதை இல்லை. இன்னொன்றையும் பாருங்கள்: வழக்கமான தொகையைக் கட்டியாகிவிட்டது. ஒரு விதியில் தகராறு என்பதற்காக மொத்தமாக மெயின்டெனன்ஸை நிறுத்தினால் நீங்கள் பாக்கிக்காரர் ஆகிவிடுவீர்கள். அதற்குப் பிறகு உங்கள் நியாயத்தை யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். கடிதத்தைக் கையில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 5: பொதுக்குழுவுக்குத் தயாராகப் போங்கள்

வருடத்துக்கு ஒரு பொதுக்குழு கட்டாயம். டெல்டாவில் அதை ஆவணிக்குள் முடிப்பது நல்லது. வடிகால் தூர்வாருவது, மொட்டை மாடிக் கசிவை அடைப்பது எல்லாம் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலைகள். கார்த்திகையில் கூடிப் பேசி ஒன்றும் ஆகாது.

உங்கள் விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ‘இதர விஷயங்கள்’ வரும்போது பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போயிருப்பார்கள். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, இருக்கிறதா என்று பாருங்கள், வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுங்கள். தீர்மானத்தை அங்கேயே எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். ‘மாடிக் கசிவு பற்றி விவாதிக்கப்பட்டது’ என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘ஏ பிளாக் மொட்டை மாடிக் கசிவைச் சரிசெய்ய மூன்று கொட்டேஷன் வாங்கி, பொது நிதியிலிருந்து செலவழித்து, செப்டம்பர் 30-க்குள் முடிப்பது, பொறுப்பு பொருளாளர், ஆதரவு 14, எதிர்ப்பு 3’ என்று இருக்க வேண்டும். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் தன் எதிர்ப்பையும் பதியச் சொல்லலாம்.

படி 6: பணத் தகராறு

சங்கத்தில் வரும் சண்டையில் பெரிய பங்கு இதுதான்.

சமமாகப் பிரிப்பதா, சதுர அடிக்கா? 12 வீட்டு அடுக்ககம் ஒன்று: எட்டு வீடு 900 சதுர அடி, நான்கு வீடு 1,300 சதுர அடி. மாதச் செலவு 31,000 ரூபாய். சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு ஏறக்குறைய 2,583. சதுர அடிக்கு என்றால் 2.50 ரூபாய் வீதம் சின்ன வீட்டுக்கு 2,250, பெரிய வீட்டுக்கு 3,250. பைலாவிலும் ஒப்பந்தத்திலும் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படித்தான் வசூலிக்க வேண்டும். புதிதாக முடிவு செய்கிறீர்கள் என்றால், வாட்ச்மேனும் பெருக்குபவரும் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால் மாதச் செலவைச் சமமாகவும், பெயின்ட், மராமத்து போன்ற பெருஞ்செலவைச் சதுர அடிக்கும் பிரிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

பொது மீட்டர் பில்லையும் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கு மேல் போகாத, பத்து வீடுகளுக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்குப் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணம் 2023-ல் யூனிட்டுக்கு 8 ரூபாய் அளவிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. அதற்குப் பிறகு கட்டணம் கொஞ்சம் மாறியிருக்கிறது, ஆனால் சலுகை வகை என்று ஒன்று இருப்பதே பல சின்ன அடுக்ககங்களுக்குத் தெரியாது. தகுதி இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் பூட்டிக் கிடக்கும் வீடுகள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சென்னையிலும் இருந்துகொண்டு இங்கே வீடு வாங்கிப் போட்டவர்கள் நம் பக்கத்தில் நிறைய. ‘நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுக்கவில்லையே’ என்பார்கள். அவர்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான் வாட்ச்மேன் ராத்திரி கண் விழிக்கிறார், மாடி ஒழுகாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் சுவருக்கும் சேர்த்துத்தான். இதைப் பக்குவமாகச் சொல்லி, வருடத்துக்கு ஒரே தவணையாக வங்கியில் போடும் வசதி செய்து கொடுத்தால் பலர் கட்டிவிடுவார்கள். கட்டாதவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுங்கள். பாக்கியை வசூலிக்க வழக்குப் போட மூன்று வருடக் காலவரம்பு உண்டு. அதைத் தாண்ட விடாதீர்கள். குடியிருப்பவர் பாக்கி வைத்தார் என்று தண்ணீர் வால்வை மூடுவது, கரண்டைத் துண்டிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீடு. நியாயம் உங்கள் பக்கம் இருந்த வழக்கு அந்த நிமிஷமே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

படி 7: புது நகர் என்றால் வாய்க்காலைப் பாருங்கள்

வயலை மனையாக்கிய இடத்தில் பாசன வாய்க்காலும் இருந்திருக்கும், வடிகாலும் இருந்திருக்கும். பாசனம் நின்றுபோனாலும் மழைத் தண்ணீர் பழைய வழியில்தான் ஓடும். ஒருவர் வடிகாலின் மேல் காம்பவுண்ட் எழுப்பினால் தெரு முழுக்க முழங்கால் தண்ணீர் நிற்கும். கேட்டால், ‘என் மனைக்குள்தானே கட்டினேன்’ என்பார்.

வாய்ச்சண்டைக்கு முன்னால் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் அந்தப் புல எண்ணின் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலம் எந்த வகை, யாருடையது என்று சொல்லும் பதிவேடு) பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு நிலம். சங்கத்தில் தீர்மானம் போட்டு, படங்களோடு தாசில்தாருக்கும் உள்ளாட்சிக்கும் மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம், முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் பதியலாம். மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். பட்டா நிலத்துக்குள் ஓடிய கன்னி வாய்க்கால், அதாவது வயலுக்குப் போகும் சின்ன வாய்க்கால், என்றால் விஷயம் சிக்கல். அது வசதியுரிமை, அதாவது அடுத்தவர் நிலத்தின் வழியே தண்ணீர் போக இருக்கும் உரிமை, பற்றிய சிவில் பிரச்சினை. அங்கே பேசி, குழாய் பதித்துத் தண்ணீருக்கு வழிவிட வைப்பதுதான் சீக்கிரம் முடியும்.

பூங்கா இடத்தையும் சரிபாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் மனை எண் போட்டு விற்றிருந்தால் அனுமதி வரைபடமே சாட்சி.

படி 8: வெளியே போக வேண்டி வந்தால்

யாரிடம் எதற்குப் போவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

1975 சட்டத்தில் பதிவான சங்கத்தில் கணக்குக் காட்டவில்லை, தேர்தல் நடத்தவில்லை என்றால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் கையெழுத்திட்டு 36-வது பிரிவின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். 24 உறுப்பினர் என்றால் எட்டுக் கையெழுத்து. அவர் சங்கத்தின் நிர்வாகத்தையும் நிதிநிலையையும் விசாரிப்பார். உங்களுக்கும் மேல்வீட்டுக்காரருக்கும் உள்ள பாத்ரூம் கசிவுத் தகராறை அவர் தீர்த்து வைக்க மாட்டார்.

பில்டர் மீது புகார் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். பதிவு பெற்ற திட்டங்களில், வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து நீங்கள் சொன்னால், 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டியது அவர் கடமை. ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி அலறினால் காவல் நிலையம்.

மற்றதற்கெல்லாம் சிவில் நீதிமன்றம்தான். ஆனால் அதற்கு முன்னால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனுக் கொடுங்கள். வழக்குப் போடாமலே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்க வழி உண்டு. அங்கே எழுதும் சமரசத் தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. நாளைக்கும் அதே மாடிப்படியில் ஏறி இறங்க வேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சமரசம் ஆனதும் அதன் நகலைச் செயலாளரிடம் கொடுத்து, அடுத்த கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த வருடம் செயலாளர் மாறினாலும் புது ஆளுக்குக் காட்ட அந்தப் பக்கம் இருக்கும்.