டிஜிட்டல் கீபோர்டில் பழைய எலக்ட்ரிக் பியானோவின் ஒலியைப் பெறுவது எப்படி

டிஜிட்டல் கீபோர்டு எதுவாயினும் அதில் எலக்ட்ரிக் பியானோ என்ற பெயரில் இரண்டு மூன்று ஒலிகளாவது இருக்கும். அவற்றை வாசித்தால் காதுக்கு இனிமையாகவே இருக்கும். ஆனால் 1970களின் ஒலிப்பதிவுகளில் கேட்கிற அந்த உறுமலும் உயிர்ப்பும் அவற்றில் எளிதில் கிடைப்பதில்லை. இதற்காகக் கீபோர்டை மாற்ற நினைப்பவர்கள் பலர். என் கணிப்பில் குறை பெரும்பாலும் ஒலி மாதிரியில் (கீபோர்டில் பதிந்து வைத்திருக்கும் ஒலியில்) இல்லை. விரலின் அழுத்தத்துக்குக் கருவி எப்படிப் பதில் தருகிறது, ஒலி எந்த ஸ்பீக்கர் வழியாக வெளியேறுகிறது என்ற இரண்டிலேயே இருக்கிறது. இவ்விரண்டையும் சரிசெய்த பிறகே எஃபெக்டுகளை, அதாவது ஒலியின்மீது சேர்க்கும் மாற்றங்களை, தொட வேண்டும்.

முதலில் எந்தக் கருவியின் ஒலி வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஹெரால்ட் ரோட்ஸ் உருவாக்கிய ரோட்ஸ் பியானோவும், வுர்லிட்சர் நிறுவனத்தின் 200, 200ஏ போன்ற கருவிகளும் அடிப்படையிலேயே வெவ்வேறானவை. பல கீபோர்டுகளில் இவற்றின் அருகிலேயே மூன்றாவதாக ஒரு ஒலி இருக்கும். கண்ணாடி மணி போலப் பளிச்சென்று ஒலிக்கும் அது, 1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரின் வழிவந்தது. அதற்கும் தனி அழகு உண்டு என்றாலும், சுத்தியலும் உலோகமும் கொண்ட பழைய கருவியைத் தேடுபவர் அதை ஒதுக்கிவிடலாம்.

ரோட்ஸில் விசையை அழுத்தியதும், நுனியில் ரப்பர் பொருத்திய சுத்தியல் ஒன்று ‘டைன்’ எனப்படும் மெல்லிய எஃகுக் கம்பியை அடிக்கிறது. கம்பியின் முனைக்கு நேரெதிரே, சிறிய இடைவெளி விட்டு, காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப் நிற்கிறது. மெதுவாக அடித்தால் கம்பி சிறிதளவே ஆடும். அப்போது ஒலி வட்டமாகவும் மென்மையாகவும் இருக்கும். ஓங்கி அடித்தால் கம்பியின் முனை காந்தப்புலத்தில் வெகுதூரம் வீசி ஆடுவதால், அந்த அசைவு அப்படியே மின்குறியாக மாறாமல் உருக்குலைந்து, மேல் ஸ்வரங்கள் பல கூடுதலாகச் சேருகின்றன. உறுமல் என்று நாம் சொல்வது இதைத்தான். வுர்லிட்சரில் சுத்தியல் அடிப்பது ஓர் எஃகு ரீடை (மெல்லிய உலோக நாக்கை). அதன் அசைவைக் காந்தம் கவர்வதில்லை, மின்னழுத்தம் ஏற்றிய தகடு கவர்கிறது. அதனால் அதன் உறுமல் சற்று முரடாகவும் மூக்கொலி கலந்தும் இருக்கும். ஒலி அடங்குவதும் விரைவு. இரண்டிலும் பலமாக வாசிக்கும்போது ஒலியின் அளவு மட்டுமல்ல, அதன் நிறமும் மாறுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கீபோர்டுக்கு வருவோம். தொழிற்சாலையில் அமைத்து அனுப்பப்படும் எலக்ட்ரிக் பியானோ ஒலியின்மீது ரிவெர்பும் (அறையின் எதிரொலி போன்ற விளைவு) கோரஸும் (பல கருவிகள் சேர்ந்து ஒலிப்பது போன்ற விளைவு) தாராளமாகப் பூசப்பட்டிருக்கும். கடையில் நின்று கேட்பவரைக் கவர்வதற்கான ஏற்பாடு அது. எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒலி வறண்டு, சற்று ஏமாற்றமாகக்கூடத் தோன்றும். அந்த வறட்சியே சரியான தொடக்கம், ஏனெனில் ரோட்ஸிலும் வுர்லிட்சரிலும் உள்ளமைந்த ரிவெர்ப் எதுவும் கிடையாது.

அடுத்தது டச் அமைப்பு, அதாவது விசையை அடிக்கும் பலத்துக்குக் கருவி எவ்வளவு பதில் தர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. இதில் அவசரம் காட்டக் கூடாது. நடுப்பகுதியில் ஒரே விசையை மிக மென்மையாகத் தொடங்கி, சிறிது சிறிதாகப் பலம் கூட்டி அடித்துக்கொண்டே வாருங்கள். இயல்பாக வாசிக்கும்போது ஒலி மென்மையாகவும், வேண்டுமென்றே அழுத்தினால் மட்டும் உறுமலாகவும் மாறினால் அமைப்பு பொருந்துகிறது என்று பொருள். மிடி (மின்னிசைக் கருவிகளுக்கான பொதுத் தகவல் முறை) அளவையில் 1 முதல் 127 வரை செல்லும் வெலாசிட்டியில் (விசை எவ்வளவு பலமாக அடிக்கப்பட்டது என்பதன் அளவில்), உங்கள் இயல்பான வாசிப்பு 50க்கும் 90க்கும் இடையே நின்று, உறுமல் 100ஐ ஒட்டித் தொடங்குவது நல்ல இலக்கு. எடுத்த எடுப்பிலேயே உறுமினால், கூடுதல் பலம் கேட்கும் ‘ஹெவி’ அமைப்புக்கு மாற்றுங்கள். எவ்வளவு அடித்தும் உறுமவில்லை என்றால் ‘லைட்’ பக்கம் செல்லுங்கள். ஒரு படி மாற்றிய பிறகு உடனே தீர்ப்புச் சொல்லாமல் சிறிது நேரம் வாசித்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் விரல்கள் புதிய அமைப்புக்குப் பழகும் முன்னர் எல்லாமே தவறாகத்தான் தோன்றும்.

சில எளிய கீபோர்டுகளில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே ஒரு ஒலி மாதிரிதான் இருக்கும். பலமாக அடித்தால் சத்தம் கூடுமே தவிர நிறம் மாறாது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒலியைத் திருத்தும் வசதி இருந்தால், ஒலியின் உயர்பகுதியைக் குறைக்கும் ஃபில்டரின் திறப்பை வெலாசிட்டியோடு இணைத்து, மென்மையான அடியில் ஒலி மங்கலாகவும் பலமான அடியில் தெளிவாகவும் வருமாறு செய்யலாம். அந்த வசதி இல்லையென்றால் மிகக் குறைந்த அளவில் ஓவர்டிரைவ் (ஒலியை உருக்குலைத்து முரடாக்கும் எஃபெக்ட்) சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஸ்வரங்கள் அதைத் தொடாமல் கடந்து போகும் அளவுக்கும், பலமானவை மட்டும் அதில் உரசி முரடாகும் அளவுக்கும் குமிழைத் திருப்ப வேண்டும். தனி ஸ்வரத்தில் சரியாகத் தோன்றும் அளவு நான்கு விரல் கார்டில் மிகையாகிவிடும் என்பதால், கார்டு வாசித்துத்தான் இதை அளவிட வேண்டும்.

ஸ்பீக்கர் விஷயம் பெரும்பாலோர் கவனிக்காதது. ரோட்ஸின் ஸ்டேஜ் வகைக்குச் சொந்த ஸ்பீக்கர் கிடையாது. அதைக் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தே பலர் வாசித்தனர். சூட்கேஸ் வகையில் 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு இருந்தன. இவ்வகை ஸ்பீக்கர்கள் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன; பழைய பதிவுகளில் உள்ள கதகதப்புக்கு இதுவும் ஒரு காரணம். கீபோர்டிலோ கணினியிலோ ஆம்ப் சிமுலேஷன், கேபினெட் சிமுலேஷன் (ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பெட்டி ஆகியவற்றின் ஒலித்தன்மையைப் போலச்செய்யும் வசதிகள்) இருந்தால் அவற்றைப் பயன்படுத்துங்கள். இல்லையெனில் ஈக்வலைசரில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் படிப்படியாகக் குறைத்து, 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான கலங்கலைச் சிறிது வெட்டினால் போதும். வுர்லிட்சர் ஒலிக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையும் தயங்காமல் குறைக்கலாம். அந்தக் கருவியின் சொந்த ஸ்பீக்கர்கள் சிறியவை, அவற்றிலிருந்து ஆழமான பாஸ் வந்ததே இல்லை.

இப்போது எஃபெக்டுகள். ஒலியின் அளவைச் சீராக ஏற்றி இறக்கும் ட்ரெமோலோவின் இடம் கருவிக்குக் கருவி மாறும். ரோட்ஸ் சூட்கேஸில் ஒலி இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறிச் செல்லும்; முகப்பில் ‘வைப்ரேட்டோ’ என்று எழுதியிருந்தாலும் அது சுருதியை அசைப்பதில்லை. எனவே ஓவர்டிரைவுக்குப் பின்னால் ஒலியை இப்படி இருபக்கமும் நகர்த்தும் ஸ்டீரியோ ஆட்டோபேனை வையுங்கள். வுர்லிட்சரில் ட்ரெமோலோ ஒரே தடத்தில், நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 6 முறை வரை, பவர் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே நிகழ்கிறது. ஆகவே அங்கே ட்ரெமோலோ முதலிலும் ஓவர்டிரைவ் பின்னாலும் வர வேண்டும். அப்போது ஒலி ஏறும் ஒவ்வொரு முறையும் முரட்டுத்தனமும் கூடவே ஏறி இறங்கும். மேடையில் மோனோவாக (ஒரே தடத்தில்) இணைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இடதும் வலதும் ஒன்றாகக் கலக்கும்போது ஆட்டோபேனின் அசைவு பெருமளவு மறைந்துபோகும், அங்கே சாதாரண ட்ரெமோலோவையே பயன்படுத்துங்கள்.

ஒலியில் சுழல்வது போன்ற அசைவைத் தரும் ஃபேஸரை மெதுவான வேகத்தில் ரோட்ஸுக்குச் சேர்ப்பது 1970களின் நடுப்பகுதியில் பரவிய வழக்கம். கோரஸ் அதற்குப் பிற்பட்ட மெருகைத் தருவதால், பழைமையை நாடுபவர் அதைத் தவிர்ப்பதே மேல். ரிவெர்ப் வேண்டுமானால் ஸ்பிரிங் வகையை (சுருள்வில் வழியாக எதிரொலி தருவதை), கேட்டும் கேட்காத அளவில், வரிசையின் கடைசியில் வையுங்கள்.

இவ்வளவு செய்தும் பியானோவைப் போலவே வாசித்தால் ஒலி பொருந்தாது. நடு சி ஸ்வரத்துக்கு ஓர் ஆக்டேவ் கீழே மூன்று நான்கு ஸ்வரங்களை நெருக்கி வைத்தால் ரோட்ஸ் கலங்கிவிடும். அங்கே அடிப்படை ஸ்வரமும் ஐந்தாவதும், அல்லது ஏழாவதும் போதும். பாஸ் கிட்டார் உடன் ஒலிக்கும்போது அதையும் விட்டுவிட்டு, இடக்கையை நடுப்பகுதிக்குக் கொண்டுவரலாம். ரோட்ஸின் ஒலி நெடுநேரம் நீடிப்பதால் சஸ்டெயின் பெடலைக் கார்டு மாறும் கணத்தில் மட்டும் தொடுங்கள். விரைவில் அடங்கும் வுர்லிட்சருக்கு நீண்ட ஸ்வரங்களைவிடத் தாளத்தை ஒட்டித் திரும்பத் திரும்ப அடிக்கும் சிறு கார்டுகளே பொருத்தமானவை. 64 விசைகளே கொண்ட அக்கருவியின் எல்லைக்கு வெளியே உள்ள மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த ஸ்வரங்களை உங்கள் கீபோர்டு அனுமதித்தாலும் அவற்றைத் தொடாமல் வாசியுங்கள்.