க்ரீன் பெல்ட்டுக்குப் பணம் கட்டும் முன்: டெல்டா எஞ்சினியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் எஞ்சினியரிங் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் பலருடைய ரெஸ்யூமேயில் 'லீன் சிக்ஸ் சிக்மா க்ரீன் பெல்ட்' என்று ஒரு வரி இருக்கிறது. தரத்தைக் கூட்டும் ஒரு முறையைப் படித்ததற்கான சான்றிதழ் அது. சிலர் அதற்கும் மேல்நிலையான பிளாக் பெல்ட்டே போட்டிருக்கிறார்கள். கையில் டிகிரி வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது.

வேலைக்கு முன்னால் பெல்ட் வாங்குவதுதான் பெரிய தவறு. சிக்ஸ் சிக்மா 1986-ல் மோட்டோரோலாவில் உருவான முறை. நடந்துகொண்டிருக்கும் வேலையில் குறை எங்கே வருகிறது என்று அளந்து, காரணத்தைப் பிடித்து, அதைக் குறைப்பதற்கானது. வேலையே இல்லாதவர் எதை அளப்பார்? அப்புறம், பெல்ட் கொடுக்க உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு அமைப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் வகுப்பு நடத்திச் சான்றிதழ் அச்சடித்துத் தரலாம். சனி, ஞாயிறில் பெல்ட் கிடைப்பது அதனால்தான். ஆனால் ஏஎஸ்க்யூ என்ற அமெரிக்கத் தர அமைப்பின் க்ரீன் பெல்ட் தேர்வை எழுதவே மூன்று வருட அனுபவம் வேண்டும். பிளாக் பெல்ட்டுக்கு இரண்டு புராஜெக்ட் முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு புராஜெக்ட்டும் மூன்று வருட அனுபவமும். வார இறுதி பெல்ட்டுக்கும் இந்தப் பெல்ட்டுக்கும் பெயர் ஒன்றுதான், ஆனால் குவாலிட்டி மேனேஜருக்கு வித்தியாசம் தெரியும்.

அடுத்தது மனப்பாடம். 'பத்து லட்சம் வாய்ப்புக்கு 3.4 குறை' என்று சிக்ஸ் சிக்மாவின் இலக்கை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். அந்தக் கணக்கில் 1.5 சிக்மா நகர்வு (உற்பத்தியின் சராசரி நாளடைவில் தள்ளிப்போவது) ஏன் சேர்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். 'அளந்த கருவியே சரி என்று எப்படித் தெரியும்?' என்று கேட்டால் மீதிப் பேரும். இதைப் புரிந்துகொள்ள வகுப்புகூடத் தேவையில்லை. அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மழை நாளில் அந்த எண்ணை வைத்துத்தான் சண்டையே. ஒரே நெல்லை இரண்டு பேர் ஒரே மீட்டரில் மாற்றி மாற்றிப் பார்த்து, ஒருவருக்கு 16.8, இன்னொருவருக்கு 17.6 என்று வந்தால், தப்பு நெல்லிலா, மீட்டரிலா, கையிலா? இதைப் பிரித்துப் பார்ப்பதற்குப் பெயர்தான் கேஜ் ஆர் அண்ட் ஆர். மொத்த மாறுபாட்டில் அளவீட்டின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்த அளவீட்டை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

புராஜெக்ட் செய்ய பெரிய கம்பெனிதான் வேண்டும் என்று நினைப்பதும் தவறு. நம் ஊர் அரவை ஆலை ஒன்று போதும். நெல்லை அவசரமாகக் காயவைத்தால் அரிசிக்குள் வெடிப்பு விழும். அரைக்கும்போது நொய் கூடும். முதலாளி அனுமதித்தால், ஒவ்வொரு லாட்டிலும் காயவைத்த நேரம், வெப்பம், ஈரப்பதம், நொய் சதவீதம் நாலையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு சீசன் கணக்கு கையில் இருந்தால், என் கண்ணுக்கு அது வார இறுதி பெல்ட்டைவிடக் கனமானது.

துறை பார்க்காமல் சான்றிதழ் வாங்குவதும் நிறைய நடக்கிறது. திருச்சி துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் வேலை வேண்டுமென்றால், அங்கே பேச்சே வெல்டு ரிப்பேர் பற்றித்தான். ரேடியோகிராஃபியிலோ அல்ட்ராசானிக்கிலோ என்டிடி (பொருளை உடைக்காமல் சோதிப்பது) லெவல் 2 சான்றிதழ் இருந்தால் உடனே பயன்படும். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் வாகன உதிரிபாக வேலைக்கு வாகனத் துறைத் தரநிலையான ஐஏடிஎஃப் 16949-ம், எஃப்எம்இஏ (எது எப்படிப் பழுதாகலாம் என்று முன்கூட்டியே ஆராய்வது), எஸ்பிசி (புள்ளிவிவரத்தை வைத்து உற்பத்தியைக் கண்காணிப்பது) போன்ற கோர் டூல்ஸும். உணவுத் துறை என்றால் உணவுப் பாதுகாப்புக்கான ஹெச்ஏசிசிபி, ஐஎஸ்ஓ 22000.

'ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்ற எஞ்சினியர்' என்று மட்டும் எழுதாதீர்கள். அது தர நிர்வாகத்துக்கான தரநிலை; அந்தச் சான்று நிறுவனத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. நீங்கள் முடித்தது இன்டர்னல் ஆடிட்டர் பயிற்சியா, லீட் ஆடிட்டர் பயிற்சியா என்று எழுதுங்கள்.

முதல் வேலைக்கு இந்தச் சான்றிதழ்கள் பெரிதாகக் கைகொடுக்காது. உற்பத்தியில் மூன்று நாலு வருடம் கழித்துக் குவாலிட்டி பக்கமோ பிராசஸ் முன்னேற்றம் பக்கமோ நகரும்போதுதான் பலன் தெரியும். அப்போது கட்டணத்தைக் கம்பெனியே கட்டுமா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள். சில இடங்களில் கட்டுவார்கள், பதிலுக்கு பாண்ட் கேட்பார்கள். எத்தனை வருடம் என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.