மசாஜ் தெரபிஸ்ட் வெப்சைட்டுக்கு லிங்க் சேர்க்கும்போது சென்னைல நிறைய பேர் பண்ற தவறுகள்

வெப்சைட் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே வாட்ஸப்ல ஒரு மெசேஜ் வந்துடும். "ஆயிரம் பேக்லிங்க், எல்லாம் டிஏ 50க்கு மேல, ஒரே மாசத்துல கூகுள் ஃபர்ஸ்ட் பேஜ், கேரண்டி." பேக்லிங்க்னா மத்த சைட்ல இருந்து உங்க சைட்டுக்கு வர்ற லிங்க். அடையாறுலயோ அண்ணா நகர்லயோ ரெண்டு ரூம் எடுத்து சொந்தமா மசாஜ் தெரபி பண்றவங்க நிறைய பேர் முதல்ல காசை விடறது இங்கதான். தயவுசெஞ்சு விடாதீங்க. அந்த டிஏங்கிறது (டொமைன் அத்தாரிட்டி) ஒரு சைட் எவ்ளோ பலமானதுன்னு மோஸ்னு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி அவங்களா போடற மார்க், கூகுள் ரேங்க் போடறதுக்கு அதை எடுத்துக்கறதே இல்ல.

ஒரு சைட் இன்னொரு சைட்டுக்கு லிங்க் குடுத்தா அது ஒரு சிபாரிசுன்னு எடுத்துக்கிட்டுதான் கூகுளை ஆரம்பிச்ச லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998ல பேஜ்ரேங்க்னு சைட்டுக்கு ரேங்க் போடற முறையை கொண்டு வந்தாங்க. அந்த சிபாரிசையே ஜனங்க காசு குடுத்து வாங்க ஆரம்பிச்சதால 2012 ஏப்ரல்ல பெங்குவின்னு ஒரு அப்டேட் வந்து அந்த மாதிரி சைட்டுங்கள கீழ தள்ளுச்சு, 2016 செப்டம்பர்ல அது மெயின் அல்காரிதம்லயே சேர்ந்துடுச்சு, இப்ப பெரும்பாலும் வாங்கின லிங்கை கூகுள் கணக்குலயே எடுக்காது. அதாவது குடுத்த காசு அப்படியே போச்சு. ரொம்ப ஓவரா பண்ணியிருந்தா கூகுள் ஆளுங்களே பார்த்து மேனுவல் ஆக்ஷன்னு ஒரு தண்டனை போடுவாங்க, அது வந்தா சர்ச் கன்சோல்ல (சைட் வெச்சிருக்கறவங்களுக்கு கூகுள் குடுக்கற டூல்) தெரியும், அதுல இருந்து வெளிய வர்றது பெரிய வேலை.

ஆனா மசாஜ் தொழில்ல இருக்கறவங்களுக்கு இதைவிட மோசமான ஒரு பிரச்சனை இருக்கு, பல் டாக்டருக்கோ டியூஷன் சென்டருக்கோ இது வராது. மசாஜ்னு ஒரு கேட்டகிரி வெச்சிருக்கற மலிவான டைரக்டரி, ஃப்ரீ கிளாசிஃபைட் சைட்லாம் ஒரு தடவை திறந்து பாருங்க, பாதிக்கு மேல எஸ்கார்ட் விளம்பரமாதான் இருக்கும். ஏஜென்சிக்காரங்க ஐநூறு டைரக்டரில போட்டாச்சுன்னு சொல்லும்போது அதுல இந்த சைட்டுங்களும் சேர்ந்தே வரும், அங்க உங்க பேரு, உங்க போன் நம்பர், சில சமயம் உங்க போட்டோவும் போயிடும். கூகுள் அந்த லிங்கை ஒதுக்கிடலாம், ஜனங்க ஒதுக்க மாட்டாங்க. உங்க நம்பரை கூகுள்ல போட்டுப் பார்க்கற ஒரு அம்மா அந்த பேஜைப் பார்த்தா மறுபடி போன் பண்ணவே மாட்டாங்க. பேஷண்டை அனுப்பலாம்னு நினைச்ச எலும்பு டாக்டர் பின்வாங்கிடுவார். தெரபிஸ்ட் பொண்ணா இருந்தா ராத்திரி பதினோரு மணிக்கு கண்டவன் கால் பண்ணுவான். முறையா படிச்சு சர்டிஃபிகேட் வாங்கி உழைக்கறவங்களுக்கு இந்த ஊர்ல ஏற்கனவே தேவையில்லாத சந்தேகப் பார்வை இருக்கு, அதை நாமளே காசு குடுத்து அதிகமாக்கக் கூடாதுன்னு நான் ரொம்ப அழுத்தமா சொல்லுவேன்.

அதனால உங்க போன் நம்பரையும் சென்டர் பேரையும் மாசம் ஒரு தடவை டபுள் கோட்ஸ்குள்ள போட்டு கூகுள்ல தேடிப் பாருங்க. தப்பான இடத்துல இருந்தா அந்த சைட்டுக்கு எழுதி எடுக்கச் சொல்லுங்க. போஸ்ட் போட்டது உங்க ஏஜென்சியா இருந்தா லாகின் அவங்ககிட்டதான் இருக்கும், அவங்களையே எடுக்க வைங்க. அப்புறம் சர்ச் கன்சோல்ல லிங்க்ஸ்னு ஒரு ரிப்போர்ட் இருக்கு, ஃப்ரீதான், யார் யார் லிங்க் குடுத்திருக்காங்கன்னு அதுல பார்க்கலாம். அங்க ஏதோ வெளிநாட்டு குப்பை சைட் தானா லிங்க் குடுத்திருக்கறதப் பார்த்து பதறிப் போய், இந்த லிங்கையெல்லாம் கணக்குல எடுக்காதீங்கன்னு கூகுளுக்கு சொல்ற டிஸ்அவாவ் ஃபைல் ஏத்தறதும் ஒரு தவறுதான். கூகுளே சொல்றது என்னன்னா, நிறைய ஸ்பேம் லிங்க் இருந்து அதனால மேனுவல் ஆக்ஷன் வந்திருந்தாலோ வரும்போல இருந்தாலோ மட்டும் அதைத் தொடுங்க, மத்தபடி விட்டுடுங்க.

லிங்க் எந்த வார்த்தை மேல இருக்குங்கறதும் கவனிக்கணும். எல்லா சைட்லயும் ஒரே மாதிரி "பெஸ்ட் மசாஜ் இன் சென்னை"ன்னு லிங்க் இருந்தா பார்க்கற யாருக்குமே அது செட்டப்னு தெரிஞ்சிடும். நிஜமா ஒருத்தர் லிங்க் குடுத்தா சென்டர் பேரைப் போடுவாங்க, இல்ல "கழுத்து வலிக்கு நான் போற இடம்"னு எழுதுவாங்க. அவங்களுக்கு வார்த்தையை சொல்லிக் குடுக்காதீங்க.

அட்ரஸ் விஷயம் நம்ம ஊர்ல தனி தலைவலி. பழைய எண், புது எண்ணுன்னு ரெண்டு கதவு நம்பர், பாண்டி பஜார்னு ஒரு இடத்துலயும் சர் தியாகராயா ரோடுன்னு இன்னொரு இடத்துலயும், ஜஸ்ட்டயல்ல பழைய மொபைல் நம்பர், சுலேகால புதுசு, கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்ல லேண்ட்லைன். கூகுள் லோக்கல் ரிசல்ட்டுக்கு மூணு விஷயம் பார்க்குது: தேடறதுக்கு நீங்க பொருத்தமா இருக்கீங்களா, எவ்ளோ தூரம், எவ்ளோ தெரிஞ்ச இடம். அந்த மூணாவதுலதான் லிங்க் வருது. பத்து இடத்துல பத்து மாதிரி இருந்தா எல்லாம் ஒரே சென்டரான்னு குழப்பம்தான் மிச்சம், வர்ற ஆளும் தப்பான வாசல்ல நிப்பாங்க. ஒரு வடிவத்தை முடிவு பண்ணி எழுதி வெச்சுக்கோங்க, எங்க குடுத்தாலும் அதையே காப்பி பேஸ்ட் பண்ணுங்க.

நீ எனக்குப் போடு நான் உனக்குப் போடறேன்னு ஊர்ல இருக்கற ஸ்பாவெல்லாம் சேர்ந்து பார்ட்னர்ஸ்னு ஒரு பேஜ் வெச்சுக்கறாங்க, வேண்டாம். உங்க பக்கத்து பிசியோதெரபிஸ்ட் உங்களைச் சொல்றதும் நீங்க அவரைச் சொல்றதும் வேற விஷயம், அது இயல்பா நடக்கறது, தப்பே இல்ல.

இப்ப முக்கியமானது. நிறைய சைட்ல லிங்க் குடுக்கற அளவுக்கு எதுவுமே இருக்காது. ஒரு ஹோம் பேஜ், ரேட் கார்டு, மெழுகுவர்த்தி கல்லு போட்டோ. யார் எதுக்கு லிங்க் குடுப்பாங்க? யாருக்கெல்லாம் மசாஜ் பண்ணக்கூடாதுன்னு ஒரு பேஜ் தெளிவா எழுதுங்க: காய்ச்சல், தோல்ல தொற்று, ஆறாத காயம், புது எலும்பு முறிவு இருந்தா வேண்டாம், கால்ல ரத்தக்கட்டி சந்தேகம் இருந்தா கண்டிப்பா கூடாது, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களும் கர்ப்பமா இருக்கறவங்களும் டாக்டரைக் கேட்டுட்டு வரணும். வர்றவங்கள வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நேர்மையா ஒரு பேஜ் இருந்தா டாக்டரும் பிசியோவும் தைரியமா அதைப் பகிர்வாங்க. அதுக்கு நேர்மாறா "டிஸ்க் பிரச்சனை, சுகர் எல்லாம் குணமாகும்"னு எழுதி வெச்சா படிச்ச எந்த டாக்டரும் கிட்ட வர மாட்டாங்க, அப்படி எழுதறது தப்பும்கூட.

அப்புறம் ஓஎம்ஆர்ல நாள் பூரா லேப்டாப் முன்னாடி குனிஞ்சு உட்கார்ந்திருக்கறவங்க தோள்பட்டைக்கு, ஜனவரி மாரத்தானுக்கு பெசன்ட் நகர்ல ஓடிப் பழகறவங்க கெண்டைக்காலுக்கு, மார்கழி சீசன்ல தினமும் மேடை ஏறற டான்ஸர்ஸ் பாதத்துக்கு, மிருதங்கக்காரங்க மணிக்கட்டுக்குன்னு நீங்க கையால பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டத எழுதுங்க. தமிழ்லயும் எழுதுங்க, ஏன்னா இந்த விஷயத்துல தமிழ்ல உருப்படியா கிடைக்கறது ரொம்பக் கம்மி. எழுதிட்டு சும்மா இருக்கக் கூடாது, கேக்கணும். ரன்னர்ஸ் குரூப், டான்ஸ் ஸ்கூல், யோகா கிளாஸ், அபார்ட்மெண்ட் அசோசியேஷன், நீங்க கோர்ஸ் படிச்ச இன்ஸ்டிடியூட், இவங்க எல்லாருக்கும் சைட் இருக்கும். மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் மாதிரி ஏரியா பேப்பருக்கும் சொல்லிப் பாருங்க. கேக்க வெக்கப்பட்டுக்கிட்டே நல்ல தெரபிஸ்ட்டுங்க வெளிய தெரியாம இருக்கறதப் பார்த்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

கேட்டு ஒருத்தர் போடறேன்னு சொன்னதும் இன்ஸ்டா ஐடியோ வாட்ஸப் நம்பரோ அனுப்பிடாதீங்க, வெப்சைட்ல அதுக்குப் பொருத்தமான பேஜோட முழு அட்ரஸைக் குடுங்க. ஃப்ரீ செஷன் தர்றேன், லிங்க் போடுங்கன்னு பேரம் பேசாதீங்க, கூகுள் கணக்குல அதுவும் காசு குடுத்து வாங்கினதுதான். ரிவ்யூவுக்கும் அப்படித்தான், டிஸ்கவுண்ட் குடுத்து ரிவ்யூ வாங்கக்கூடாதுன்னு அவங்க விதியிலேயே இருக்கு. ஓட்டப்பந்தயத்துக்கு ஸ்பான்சர் பண்ணி லோகோ போட்டா தாராளமா பண்ணுங்க, காசு குடுத்த லிங்க்னு கூகுளுக்கு காட்ட 2019ல இருந்து ஸ்பான்சர்டுன்னு தனியா ஒரு டேக் இருக்கு, அந்த லிங்க்ல அதைப் போடச் சொல்லிடுங்க, ஓட வர்ற ஆளுங்க உங்க பேரைப் பார்க்கறதே போதும்.

கடைசியா, சைட்டை புதுசா டிசைன் பண்ணும்போது பழைய பேஜ் அட்ரஸையெல்லாம் மாத்திட்டு அப்படியே விட்டுடறாங்க, கஷ்டப்பட்டு வாங்கின லிங்கெல்லாம் 404ல, அதாவது பேஜ் இல்லைன்னு வர்ற எரர்ல, போய் முட்டி நிக்கும். பழைய பேஜ் ஒவ்வொண்ணுக்கும் அதுக்கு நேரான புது பேஜுக்கு 301 ரீடைரக்ட் (பழைய அட்ரஸுக்கு வர்றவங்கள தானா புது அட்ரஸுக்கு அனுப்பறது) போட்டுக் குடுத்தாதான் பாக்கிப் பணம்னு டெவலப்பர்கிட்ட வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.