பாலக்காட்டுப் பக்கம் குடிவருகிறவர்களுக்கு: வீடு மண்ணுக்குள் இறங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்தோ, கொழிஞ்சாம்பாறையில் கடை போட்டோ வாளையாறு தாண்டி வருகிறவர்கள் வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்துவிடுவார்கள். வீடு எந்த மண்ணில் நிற்கிறது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். பாலக்காடு மாவட்டத்தில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் பல வகை மண் இருக்கிறது. ஒவ்வொன்றும் வீட்டை ஒவ்வொரு விதமாகப் படுத்தும்.

தமிழர்கள் அதிகம் குடியேறுவது சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் சித்தூர்). கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி வட்டாரத்தில் கரிசல் மண் உண்டு. பருத்திக்கும் கடலைக்கும் அருமையான மண், வீட்டுக்கு அவ்வளவு நல்லதல்ல. தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஏப்ரலில் தரிசுக் காட்டில் நடந்து பாருங்கள், விரல் நுழைகிற வெடிப்புகள் தெரியும். அஸ்திவாரத்துக்கு அடியிலும் இதுதான் நடக்கிறது. வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் காயாமல் இருக்கும், வெளிச்சுவர்களின் ஓரம் மட்டும் காய்ந்து சுருங்கும், மூலைகள் இறங்கும். மழை வந்ததும் மண் உப்பி மூலையைத் திரும்பத் தூக்கும். அதனால் கோடையில் விரிந்து, ஐப்பசி மழைக்குப் பிறகு பாதி மூடிக்கொள்கிற விரிசலைக் கண்டால் கரிசலைச் சந்தேகிக்கலாம். கரிசலில் ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழம் வரை இப்படி ஈரம் ஏறி இறங்கும் என்பார்கள். அப்படியென்றால் 2 அடி வானம் தோண்டிக் கருங்கல் போட்ட வீடு எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதற்கென்றே அடியில் குடம்போல விரிந்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) அஸ்திவாரத்தை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துக் கொடுத்திருக்கிறது. அதன் பெயர் அண்டர்ரீம்டு பைல், புதிதாகக் கட்டுகிறவர்கள் பொறியாளரிடம் அதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

கொல்லங்கோடு, ஆலத்தூர், பாலக்காடு நகரத்தைச் சுற்றி வந்தால் கதை வேறு. அங்கே பிரச்சினை நிரப்பிய வயல். பல காலம் தண்ணீர் நின்ற சேற்றுக் களிமண்ணின் மேல் லோடு லோடாகச் செம்மண் கொட்டி, அதன்மேல் வீடு எழுப்பியிருப்பார்கள். கொட்டிய மண்ணும் அமுங்கும், அதன் பாரத்தால் அடியில் உள்ள சேறும் அமுங்கும். இது ஓரிரு மழையோடு முடிகிற வேலை இல்லை, ஆண்டுக்கணக்கில் நடக்கும். வயலை நிரப்புவதைக் கட்டுப்படுத்தக் கேரளத்தில் 2008இலேயே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அதற்கு முன் நிரப்பியது, பின்னால் அனுமதி வாங்கி மாற்றியது, ராத்திரியோடு ராத்திரியாக நிரப்பியது எல்லாமே சந்தைக்கு வருகின்றன.

இதைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. வில்லேஜ் ஆபீஸ் வரி ரசீதை வாங்கிப் பாருங்கள். ‘புரயிடம்’ என்று இருந்தால் பெரும்பாலும் மேட்டு மனை. ‘நிலம்’ என்று இருந்தால் நம்மூர் அர்த்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், இந்த ஊர்ப் பதிவேட்டில் அது வயல். கிருஷி பவனில் (ஊர் வேளாண்மை அலுவலகம்) டேட்டா பேங்க் என்று நெல்வயல், ஈரநிலங்களின் பட்டியல் உண்டு, சர்வே எண்ணைச் சொல்லி அதில் அந்த இடம் இருக்கிறதா என்று கேட்கலாம். இதெல்லாம் போக, பக்கத்து வீட்டுச் சேட்டனிடம் “இது பாடம் நிகத்தியதா?” (வயலை நிரப்பியதா) என்று ஒரு வார்த்தை கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார். பழைய கிணறு எங்கே இருந்தது என்பதையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். கேரளத்தில் வீட்டுக்கு வீடு கிணறு, மூடிய கிணற்றின் மேல் போர்டிகோ கட்டியிருந்தால் இறங்கத்தான் செய்யும்.

ஒற்றப்பாலம், பட்டாம்பி பக்கம் வெட்டுக்கல் மண். பொதுவாக நம்பலாம். கல் வெட்டி எடுத்த குழியை நிரப்பி மனை போட்டிருக்கிறார்களா என்பதை மட்டும் கேளுங்கள்.

சரி, விரிசலுக்கு வருவோம்.

விரிசல் இல்லாத வீடு கிடையாது. எல்லா விரிசலும் வீடு இறங்குவதற்கு அடையாளமும் இல்லை. மொட்டைத்தளத்துக்குக் கீழே, சுவரும் கூரையும் சேருமிடத்தில் படுக்கையாக ஓடுகிற கோடு, பெரும்பாலும் வெயிலில் கான்கிரீட் விரிந்து சுருங்குவதால் வருவது. பில்லரும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்செங்குத்தாக விழும் கோடு, இரண்டு பொருளும் வேறு வேறு என்பதால் வருவது. பூச்சில் மட்டும் வலை வலையாகத் தெரிந்தால், பூசிய பிறகு சரியாகத் தண்ணீர் விட்டு ஆற்றவில்லை என்று அர்த்தம். இதற்கெல்லாம் தூக்கம் கெட வேண்டாம். சிட் அவுட் (முன் திண்ணை) படிக்கட்டு வீட்டை விட்டு விலகி நிற்பதும் அப்படித்தான். அதற்குத் தனி அஸ்திவாரமே இருக்காது, மண்ணின் மேல் கட்டியிருப்பார்கள். சுவர் நேராக நிற்க, டைல்ஸ் தரை மட்டும் ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே இடைவெளி விட்டு இறங்கியிருந்தால், உள்ளே கொட்டிய மண்ணைச் சரியாகத் திமிசு போடவில்லை. செலவுதான், ஆபத்து குறைவு.

கவனிக்க வேண்டியது சாய்வாக ஓடும் விரிசல். ஜன்னலின் மேல்மூலையிலிருந்து கிளம்பி, கூரையை நோக்கிச் சரிந்து போகும். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் கல்லோடு கல் சேரும் இணைப்பு வழியே படிப்படியாக ஏறும். வீட்டின் மூலை இறங்கினால் இந்த விரிசல் கீழே மெலிந்தும் மேலே அகன்றும் இருக்கும். சுவரின் உள்ளே தெரிகிற இடத்திலேயே வெளியிலும் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் அது பூச்சு விரிசல் இல்லை. அந்தப் பக்கத்துக் கதவு தாழ்ப்பாள் போட ஆள் பலம் வேண்டியிருக்கிறதா, ஜன்னல் கொக்கி ஓட்டையில் உட்கார மறுக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பிக் கதவு இறுகுவது வேறு, வருஷம் முழுக்க ஒரே மூலையில் இடிப்பது வேறு. வீடு பார்க்கப் போகும்போது மற்ற அறைகள் பழைய நிறத்தில் இருக்க, ஒரே ஓர் அறை மட்டும் புதுப் பெயிண்ட் வாசனை அடித்தால் அங்கே கொஞ்சம் நேரம் நின்று பார்ப்பது நல்லது.

அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து வையுங்கள். 1 மில்லிமீட்டருக்குள் என்றால் பெயிண்ட் வேலை. 5 வரை கவனித்துக்கொண்டே இருக்கலாம். 5 முதல் 15 வரை வந்துவிட்டால் பொறியாளரை அழைக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் தள்ளிப்போட இடமே இல்லை. ஆனால் அகலத்தை விட முக்கியம், அது இன்னும் நகர்கிறதா என்பது. பத்து வருஷத்துக்கு முன் 6 மில்லிமீட்டர் விட்டு அப்படியே நின்றுபோன விரிசலை விட, மாதா மாதம் வளரும் 2 மில்லிமீட்டர் மோசம். விரிசலின் முனையில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பூச்சைச் சுரண்டிவிட்டு, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்த பிறகுதான் முடிவுக்கு வர முடியும். அதற்குள் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமெண்ட் வைத்து அடைத்தால், சாட்சியை அழித்ததுதான் மிச்சம்.

காத்திருக்கும் நேரத்தில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். என் கணக்கில் இதுதான் முக்கால்வாசி மருத்துவம், செலவும் குறைவு. கூரைத் தண்ணீர் குழாய் எங்கே கொட்டுகிறது? சுவரோரத்திலேயே கொட்டினால் பைப்பை நீட்டி விலக்குங்கள். செப்டிக் டாங்க் கசிகிறதா? அஸ்திவாரத்தை ஒட்டி உறிஞ்சுகுழி வெட்டியிருக்கிறார்களா? கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் 7.5 மீட்டர் இடைவெளி விடுவதைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும், அந்தக் குழிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கரிசலில் வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகச் சிமெண்ட் தளம் போட்டால் ஓரத்து மண் ஒரே ஈரத்தில் இருக்கும். சுவரை ஒட்டிச் செடி வைத்துத் தினமும் ஹோஸ் பிடிக்கிற பழக்கத்தையும் விடுங்கள். பெரிய மரம் பக்கத்தில் இருந்தால் அது கோடையில் மண்ணின் ஈரத்தை இழுக்கும். அதற்காக முதிர்ந்த மரத்தைச் சட்டென்று வெட்டினாலும் வம்புதான்: உறிஞ்ச ஆளில்லாமல் ஈரம் தேங்கி, களிமண் உப்பித் தரையைத் தூக்கும். கிளை கழிப்பதில் தொடங்குங்கள்.

அப்புறமும் விரிசல் வளர்ந்தால் அஸ்திவாரத்தையே பலப்படுத்த வேண்டியிருக்கும். மண் பரிசோதனை இல்லாமல் அதைத் தொடங்காதீர்கள். கோவை பக்கம்தான், பரிசோதனைக் கூடங்களுக்குக் குறைவில்லை. அடியில் தோண்டும்போது ஒரு மீட்டர் தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு இடைவெளி விட்டு அடுத்த துண்டு என்று போக வேண்டும். “ஒரே நாளில் முழு நீளத்துக்கும் பறித்துவிடலாம்” என்று சொல்கிற மேஸ்திரியை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நெல்லியாம்பதி, நென்மாறை மலையடிவாரம், அட்டப்பாடி, இன்னும் தள்ளி இடுக்கித் தோட்டங்கள் என்று சரிவில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. சரிவைப் பாதி வெட்டி, வெட்டிய மண்ணைப் பாதியில் கொட்டிக் கட்டிய வீடுகள் அங்கே நிறைய. வெட்டிய பாதி அசையாது, கொட்டிய பாதி இறங்கும். அதோடு, உறுதியான மேல்மண்ணுக்குக் கீழே தண்ணீர் களிமண்ணைக் கரைத்துச் சுரங்கம்போல் குடைந்துகொண்டு போவதும் உண்டு. சாயில் பைப்பிங் என்கிறார்கள், திருவனந்தபுரத்தில் உள்ள தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் கேரள மலைப்பகுதிகளில் இதை ஆராய்ந்திருக்கிறது. வீட்டுக்கு மேலே தரையில் வில்போல வளைந்த வெடிப்பு, திடீரென்று கலங்கிய ஊற்று, சாயத் தொடங்கிய மரம் அல்லது கரண்ட் கம்பம், இதில் எதைப் பார்த்தாலும் அளவெடுக்க நிற்காதீர்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பி, 1077க்கு அழையுங்கள், மாவட்ட அவசர எண். 2018 ஆகஸ்ட்டில் நென்மாறை அருகே அளுவாசேரியில் மலை சரிந்தது இந்த மாவட்டத்தில்தான்.

வாடகைக்கு வருகிறவர்கள் சாவி வாங்கும் நாளிலேயே விரிசல்களைத் தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிக்க வழியிருக்காது. வில்லா வாங்குகிறவர்கள் திட்டம் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவானதா என்று பாருங்கள். பதிவானது என்றால், சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்து நீங்கள் சொன்னால், 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது சட்டம். எழுத்தில் கொடுங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது.

வீட்டுக் காப்பீடு எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 2021 ஏப்ரலிலிருந்து எல்லா நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில், வீடு நிற்கும் நிலம் உள்வாங்குவதும் மண்சரிவும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் விலக்குகளையும் படியுங்கள்: புதுக் கட்டடம் வழக்கமாக இருத்திக்கொள்வது, நிரப்பிய மண் அமுங்குவது, மோசமான வடிவமைப்பு அல்லது வேலை, பக்கத்தில் தோண்டியதால் வந்த சேதம் எதற்கும் பணம் வராது. வயல் நிரப்பிய மனையில் வீடு வாங்கிவிட்டு, விரிசலுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. வரி ரசீதையும் டேட்டா பேங்கையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.