பேஸ்பால் கேம்ல ரன் வரணுமா, இத பாருங்க

பாண்டி, கடலூர் பசங்க கிரிக்கெட் பழக்கத்துல பேஸ்பால் வீடியோ கேம்லயும் வர்ற பால் எல்லாத்தையும் சுத்துறாங்க, அது வேணாம் ப்ளீஸ். ஸ்ட்ரைக் ஜோனுக்கு (பிளேட்டுக்கு மேல, பேட்ஸ்மேனோட முழங்கால்ல இருந்து நெஞ்சு வரைக்கும் உள்ள கட்டம்) வெளிய போறத தொடாதீங்க, அப்படி 4 பால் விட்டீங்கன்னா ஃபர்ஸ்ட் பேஸ் (ரன் எடுக்க சுத்தி வர்ற 4 பேஸ்ல முதல் இடம்) ஃப்ரீ. 2 ஸ்ட்ரைக் (சுத்தி மிஸ் பண்றது, ஜோனுக்குள்ள வந்தத விடுறது மாதிரி, 3 ஆனா அவுட்டு) ஆயிடுச்சா, பவர் ஸ்விங்க மறந்துட்டு கான்டாக்ட் ஸ்விங் (பால தொட்டா போதும்னு சுத்துறது) போடுங்க, லேசா தொட்டு ஃபவுல் (ஓரக்கோட்டுக்கு வெளிய) போனாலும் அடுத்த பால் கிடைக்கும். பண்ட் (சுத்தாம பேட்ட காட்டி மெல்ல தட்டி விடுறது) மட்டும் அப்ப ட்ரை பண்ணாதீங்க, ஃபவுல் ஆனா அவுட்டு.

ஆனா மேட்ச் போறது ஓட்டத்துல தான். பால் மேல தூக்கிடுச்சுன்னா பேஸ்ல நிக்கிற ரன்னர கண்ணமூடிட்டு ஓட்டாதீங்க, கேட்ச் புடிச்சிட்டா அவன் திரும்பி வந்து பழைய பேஸ தொட்டே ஆகணும், அதுக்குள்ள பால் அங்க வந்துட்டா டபுள் ப்ளே, ரெண்டு பேரும் காலி. அதனால கொஞ்ச தூரம் விட்டு நிறுத்தி பாருங்க. தேர்ட் பேஸ்ல நிக்கிறவன மட்டும் அங்கயே வச்சிருந்து, அவுட்ஃபீல்டுல தூரமா கேட்ச் ஆன அந்த செகண்டே விடுங்க, பெரும்பாலும் ரன் வந்துரும், செம ஃபீலிங் அது. ஏற்கனவே 2 அவுட்னா இந்த கணக்கே வேணாம், கேட்ச் ஆனா 3வது அவுட்டு, எப்படியும் இன்னிங்ஸ் முடிஞ்சிரும், அதனால பேட்ல பட்டதும் எல்லாரையும் ஓட விடுங்க.