லேசர் ஷோ ஸ்கேனர் செய்யப் போகிறீர்களா? லேசரைக் கடைசியில் வாங்குங்கள்

கல்யாண மண்டபத்திலோ கல்லூரி விழாவிலோ சுவரில் பச்சைக் கோட்டில் படம் வரையும் லேசரைப் பார்த்துவிட்டு, "இதை நாமே செய்யலாமே" என்று தோன்றியிருந்தால் இது உங்களுக்குத்தான். இந்த ஆசை வந்தவர்களில் பாதிப் பேர் முதலில் செய்யும் காரியம், கிடைப்பதிலேயே அதிக சக்தியுள்ள லேசரை ஆர்டர் போடுவது. நானும் அதைத்தான் செய்தேன். வந்த பெட்டி ஒரு வருடத்துக்கு மேல் அலமாரியில் அப்படியே கிடந்தது. ஏனென்றால் படம் வரைவது லேசர் இல்லை, கண்ணாடி. லேசர் வெறும் மை.

சுவரில் தெரிவது முழுப் படம் மாதிரி இருந்தாலும் அங்கே எந்த நேரத்திலும் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கிறது. இரண்டு சின்னக் கண்ணாடிகள், ஒன்று கதிரை இடவலமாகவும் இன்னொன்று மேலும் கீழுமாகவும் ஆட்டுகின்றன. நொடிக்கு இருபது முப்பது தடவை ஒரே பாதையைச் சுற்றி வந்தால் நம் கண் அதைக் கோடாக இணைத்துக்கொள்ளும். கண்ணாடியை ஆட்டும் மோட்டாருக்குக் கால்வனோமீட்டர் என்று பெயர், எல்லோரும் கால்வோ என்றுதான் சொல்வார்கள். இது சுற்றும் மோட்டார் இல்லை. சில டிகிரி மட்டும் திரும்பி, சொன்ன கோணத்தில் நிற்கும். தான் எங்கே நிற்கிறோம் என்று உள்ளே இருக்கும் ஒரு சென்சார் மூலம், மோட்டாரை ஓட்டும் சர்க்யூட்டான டிரைவர் போர்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 1973 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் வானாய்வகத்தில் ஐவன் டிரையர் லேசரியம் காட்சியைத் தொடங்கிய காலத்தில் லேசர் என்றாலே பெரிய வாயுக் குழாய். இன்று அந்த வேலையை விரல் நுனி அளவு டயோடு செய்கிறது. ஆனால் கண்ணாடிக்கு அன்றும் எடை இருந்தது, இன்றும் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் வரும் தலைவலி எல்லாம் அந்த எடையிலிருந்துதான் வருகிறது.

கால்வோ வாங்கக் காசு சேரும்வரை கை சும்மா இருக்க வேண்டாம். பழைய ஸ்பீக்கர் ஒன்றின் வாயில் கிழித்த பலூனை இழுத்துக் கட்டி, நடுவில் நகம் அளவு கண்ணாடித் துண்டை ஒட்டி, 1 மில்லிவாட் சிவப்பு லேசரை அதில் பட வைத்துப் பாட்டுப் போடுங்கள். சுவரில் புள்ளி நெளியும். அதில் பட்டுத் திரும்பும் கதிரை இன்னொரு ஸ்பீக்கர் கண்ணாடியில் வாங்கிச் செங்குத்தாக ஆட்டினால் வட்டம், எட்டு, பின்னல் எல்லாம் வரும். லிஸாஜு உருவங்கள் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்களே, அதுதான். ஒரு சனிக்கிழமை போதும்.

சரி, உண்மையான ஸ்கேனருக்கு வருவோம். கால்வோவைத் தனித்தனியாக வாங்காதீர்கள். இரண்டு மோட்டார், இரண்டு டிரைவர் போர்டு, மோட்டாரைப் பிடிக்கும் அலுமினியக் கட்டை, பவர் சப்ளை எல்லாம் சேர்ந்த செட்டாக ஆன்லைனில் கிடைக்கும். மொத்தச் செலவில் பெரும்பங்கு இதற்குத்தான். 15கே, 20கே, 30கே என்று எழுதியிருப்பது நொடிக்கு எத்தனை ஆயிரம் புள்ளி என்ற கணக்கு. தொடக்கத்துக்கு 20கே தாராளம். ஆனால் அந்த எண் எந்தக் கோணத்தில் என்று கேளுங்கள். சர்வதேச லேசர் காட்சிச் சங்கமான ஐஎல்டிஏவின் சோதனைப் படத்தை 8 டிகிரி அகலத்தில் சரியாக வரைந்தால்தான் அந்த வேகம் செல்லும். 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் 8 டிகிரி என்பது சுமார் 42 சென்டிமீட்டர்தான். படத்தைச் சுவர் முழுக்க விரித்துவிட்டு "20கே என்றார்களே, கோணலாக வருகிறதே" என்று விற்றவரைத் திட்டிப் பயனில்லை.

செட் வந்ததும் எந்த மோட்டார் எந்தப் போர்டோடு வந்தது என்று மார்க்கரால் குறித்துவையுங்கள். ஜோடியாகச் சேர்த்து டியூன் செய்திருப்பார்கள், மாற்றிப்போட்டால் ஒழுங்காக ஓடாது. கண்ணாடி மேல் விரல் படக் கூடாது. இது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பின்பக்கம் பூச்சுள்ளது இல்லை, முன்பக்கப் பூச்சு. சாதாரணக் கண்ணாடியில் மேல்பரப்பில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு பிம்பம் வரும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. இரண்டில் ஒரு கண்ணாடி பெரிதாக இருக்கும். கதிர் முதலில் சின்னதில் பட்டு, அங்கிருந்து விசிறிபோல விரிந்து பெரியதில் விழ வேண்டும்.

முதல் மின்சாரம் கொடுக்கும்போது லேசர் மேசை மேலேயே இருக்கக் கூடாது. டிரைவர்கள் பெரும்பாலும் பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் இரண்டும் கேட்கும். போர்டை இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து இரண்டையும் அளந்துவிடுங்கள். மைனஸ் கம்பி சரியாகச் செருகாமல் ஆன் செய்து, கண்ணாடி 'டக்' என்று ஓரத்தில் போய் மோதி, போர்டிலிருந்து புகை வந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன். எல்லாம் சரியாக இருந்தால் கண்ணாடி நடுவில் வந்து விறைப்பாக நிற்கும். 'கீ' என்று ஊளையிட்டால் உடனே அணையுங்கள், டியூனிங் கலைந்து அதிர்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒன்று: 230 வோல்ட் வரும் சப்ளை திறந்தபடியே இருந்தால் மூடி போடுங்கள். லேசருக்குப் பயந்து பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, திறந்த சப்ளையில் கை வைப்பவர்கள் உண்டு.

அடுத்து சிக்னல். இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போதும், ஆனால் அதற்குள்ளேயே இருக்கும் டிஏசியை, அதாவது எண்ணை வோல்ட்டாக மாற்றும் பகுதியை, பயன்படுத்த வேண்டாம். அது 8 பிட், அதாவது 256 படி. ஒரு மீட்டர் அகலப் படத்தில் ஒரு படி 4 மில்லிமீட்டர், சாய்ந்த கோடெல்லாம் மாடிப்படி ஆகிவிடும். எம்சிபி4822 என்ற சிப்பில் 12 பிட்டில் இரண்டு சேனல் உண்டு, 4096 படி. அதில் எல்டிஏசி என்று ஒரு கால் (பின்) இருக்கும், அதைத் தரையோடு, அதாவது 0 வோல்ட் கம்பியோடு, கட்டிவிடாமல் கன்ட்ரோலரோடு இணையுங்கள். எக்ஸ், ஒய் இரண்டு மதிப்பையும் ஏற்றிவிட்டு இந்தக் காலைத் தட்டினால் இரண்டும் ஒரே கணத்தில் மாறும்.

இந்தச் சிப் தருவது 0 முதல் 4.096 வோல்ட். கால்வோ டிரைவர் கேட்பது மைனஸ் 5 முதல் பிளஸ் 5. நடுவில் டிஎல்082 என்ற ஆப்-ஆம்ப் (வோல்ட்டைக் கழிக்கவும் பெருக்கவும் உதவும் சிப்) ஒன்றை அதே 15 வோல்ட் சப்ளையில் ஓட்டி, 2.048 வோல்ட்டைக் கழித்து, மிச்சத்தை 2.44 மடங்கு பெருக்கினால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் முதல் நாள் பெருக்கலை 1 என்றே வையுங்கள். படம் சின்னதாக வரும், நிரலில் நீங்கள் செய்யும் தவறும் சின்னதாகவே இருக்கும். கழிக்க வேண்டிய அந்த 2.048 வோல்ட்டை யுஎஸ்பி சார்ஜரின் 5 வோல்ட்டிலிருந்து நேராக எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், படம் காற்றில் ஆடும் தென்னை ஓலை மாதிரி நடுங்கியது, இரண்டு வாரம் நிரலில் பிழை தேடினேன். டிஎல்431 ஒன்றைப் போட்டு 2.5 வோல்ட் நிலையாக எடுத்து, அதைப் பிரித்துக்கொண்டதும் நின்றது. சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தச் சிப்புகள் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரு நடையில் கிடைத்துவிடும்.

இப்போதுதான் லேசர், அதுவும் சிவப்பில் 1 மில்லிவாட். இருட்டறையில் அதுவே போதும். கண்ணில் தெரியாமல் பட்டாலும் கால் நொடியில் இமை மூடிக்கொள்ளும், அந்த நேரத்தைத் தாங்கலாம் என்பதுதான் லேசர் பாதுகாப்பில் வகுப்பு 2 என்ற வரம்பின் கணக்கு. 5 மில்லிவாட்டைத் தாண்டினால் வகுப்பு 3பி, 500ஐத் தாண்டினால் வகுப்பு 4. அங்கெல்லாம் இமை மூடுவதற்குள் சேதம் முடிந்திருக்கும். மலிவான பச்சைப் பாயிண்டரைப் பிரித்து மாட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 532 நானோமீட்டர் பச்சை உண்மையில் அகச்சிவப்பிலிருந்து மாற்றி எடுப்பது, வடிகட்டி இல்லாத மட்டமான பாயிண்டரில் அந்த அகச்சிவப்பும் சேர்ந்தே வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது, இமையும் மூடாது. பச்சைதான் வேண்டும் என்றால் 520 நானோமீட்டர் நேரடி டயோடு வாங்குங்கள்.

இன்னொரு ஆபத்து ஸ்கேனருக்கே உரியது. கதிர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் சக்தி படம் முழுக்கப் பரவுகிறது. கண்ணாடி நின்றுவிட்டால் அத்தனையும் ஒரே புள்ளியில். அதனால் கால்வோ சப்ளை போனால் லேசரும் தானாக அணையும்படி ஒரு ரிலே போட்டே ஆக வேண்டும். கதிர் போகும் வழியில் எவர்சில்வர் குடம், ஷோகேஸ் கண்ணாடி, டிவி எதுவும் இருக்கக் கூடாது. ஜன்னல் பக்கம் திருப்பவே வேண்டாம், மேலே போகும் விமானிக்கு நீங்கள் விளையாடுகிறீர்கள் என்று தெரியாது. நண்பர்களின் ஃபோன் கேமராவும் நேர்க் கதிர் பட்டால் செத்துப்போகும், முன்பே சொல்லிவையுங்கள்.

எல்லாம் மாட்டியதும் எல்லோரும் முதலில் வரைவது சதுரம். நான்கு மூலைகளை மட்டும் அனுப்பினால் என்ன வரும் தெரியுமா? அதிரசம். கண்ணாடி ஒரு மூலைக்குப் போய்ச் சேரும் முன்பே அடுத்ததற்குக் கூப்பிட்டுவிட்டீர்கள், அது பாதி வழியில் திரும்பிவிட்டது. பக்கத்துக்கு 40 இடைப்புள்ளி போட்டு, மூலையில் அதே புள்ளியை 8 தடவை திரும்ப அனுப்புங்கள். மொத்தம் 192 புள்ளி. 20கேயில் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் ஓடும், மினுங்கவே மினுங்காது. 25 தடவை போதும் என்றால் ஒரு படத்துக்கு 800 புள்ளி வரை உங்கள் கையிருப்பு. ஐஎல்டிஏ சோதனைப் படமும் இந்தப் பின்தங்கலை வைத்துத்தான் அளக்கிறது. அதிலுள்ள வட்டத்தின் புள்ளிகள் கோப்பில் உள்சதுரத்துக்கு வெளியே இருக்கும். கண்ணாடி சரியான அளவு பின்தங்கினால் வட்டம் சுருங்கிச் சதுரத்தின் பக்கங்களை உள்ளிருந்து தொட்டு நிற்கும். சதுரத்தை மீறினால் படத்தை மெதுவாக ஓட்டுகிறீர்கள், அல்லது டியூனிங் முறுக்கேறிக் கிடக்கிறது. தொடாமல் உள்ளே நின்றால் கண்ணாடியால் ஈடுகொடுக்க முடியவில்லை.

நான் அதற்கு முன் தமிழ் எழுத்துகளை வைத்தே பார்த்துவிடுவேன். ஓலையில் எழுதி எழுதி வளைந்த எழுத்து என்பார்கள். ஓலைக்கோ இல்லையோ, கால்வோவுக்கு ரொம்பப் பிடித்த எழுத்து. 'ழ', 'ஞ' எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். 'ட' போடுங்கள், மூலை மழுங்குகிறதா என்று உடனே தெரிந்துவிடும். அடுத்து 'ஃ'. மூன்று புள்ளி, நடுவில் மூன்று தாவல், தாவும்போது லேசர் அணைந்திருக்க வேண்டும். இதற்கு பிளாங்கிங் என்று பெயர். டயோடு மைக்ரோ நொடிகளில் அணையும், கண்ணாடியோ மெதுவாக வரும், அதனால் புள்ளிக்குப் புள்ளி வால் முளைத்து 'ஃ' ஒரு முக்கோணக் கோலமாகிவிடும். லேசர் சிக்னலை மட்டும் சில புள்ளி தாமதித்து அனுப்புங்கள். என் செட்டுக்கு 6 புள்ளி, அதாவது 300 மைக்ரோ நொடி. உங்களுடையதுக்கு 3லிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள், வால் சுருங்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் காணாமல் போகும்.

டிரைவர் போர்டில் இருக்கும் சின்ன ஸ்க்ரூக்களை முதல் மாதம் திருகவே வேண்டாம். அளவு, நடுநிலை இரண்டை மட்டும் தொடலாம். டாம்பிங், கெயின் எல்லாம் பிறகு. தொடும் முன் ஒவ்வொன்றையும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் பாருங்கள்.

கணினி மென்பொருளில் ஓட்ட ஆசை வந்தால் ஹீலியோஸ், ஈதர் ட்ரீம் மாதிரி தயார் டிஏசிகள் உண்டு, முன்னது யுஎஸ்பி, பின்னது நெட்வொர்க் கேபிள். இரண்டும் டிபி25 என்ற 25 கால் இணைப்பில் சிக்னல் தரும். அதில் எக்ஸுக்குப் பிளஸ், மைனஸ் என இரண்டு கம்பி, இரண்டும் எதிரெதிராக ஆடும். உங்கள் ஆப்-ஆம்ப் ஒரு கம்பியை மட்டும் ஆட்டி மைனஸைத் தரையில் கட்டியிருந்தால் படம் பாதி அளவில்தான் வந்திருக்கும். தயார் டிஏசிக்கு மாறும்போது அது திடீரென்று இரண்டு மடங்கு ஆகும், பயப்படாமல் அளவு ஸ்க்ரூவைக் குறையுங்கள்.

கதிரைக் காற்றில் பார்க்கப் புகை வேண்டும். அதற்கென்று மெஷின் வாங்க வேண்டாம், ஒரு கரண்டி சாம்பிராணி போட்டாலே அறை முழுக்கக் கூம்பு நிற்கும். ஆனால் அந்தப் புகை கால்வோ கண்ணாடியில் மெல்லிய பிசினாகப் படியும். அடுத்த நாள் படம் மங்கினால் லேசரைச் சந்தேகப்படாமல், சப்ளையை அணைத்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒரே திசையில் ஒரு தடவை மட்டும் இழுங்கள், அழுத்தாமல்.